நிற்கிற வேலை

ஜவுளிக்கடையில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் வாரம் கன்னம் வலிக்கும். கால் வலியை எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே அம்மா தைலப் புட்டி ஒன்றைப் பையில் வைத்து அனுப்பியிருப்பார். கன்னத்தைப் பற்றி யாரும் சொல்லி அனுப்புவதில்லை. காலையில் கதவு திறந்ததும் "வாங்கம்மா, பட்டா, காட்டனா?" என்று தொடங்குகிற சிரிப்பு, இரவு ஷட்டர் இறங்கும்வரை முகத்தில் இருந்தாக வேண்டும். சாயங்காலத்துக்குள் தாடை இறுகிவிடும். காதுக்குக் கீழே விண்விண் என்று தெறிக்கும். பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கேட்டு வருவார்கள். அவர்களை ஸ்டாக் ரூமுக்குள் கூட்டிப்போய், "வாயைத் தளர விடு பிள்ளே. பல்லும் பல்லும் ஒட்டக் கூடாது. நாக்கு சும்மா கிடக்கட்டும். யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம்" என்பேன். ஒரு நிமிடம் அப்படி நின்றால் போதும், தோள்பட்டைகூட இரண்டு விரல்கடை கீழே இறங்குவதைப் பார்க்கலாம்.

என் வேலைக்காலம் முழுவதும் தியாகராய நகரில், புடவைப் பிரிவில்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தேன். சிந்தெடிக்கில் தொடங்கி, காட்டனுக்குப் போய், பட்டுக்கு வந்து சேர்ந்தேன். இப்போது புதுப் பெண்களைப் பழக்குவதும் என் பொறுப்பு. ஜரிகை பார்ப்பது, பார்டர்களின் பெயர், விலையை எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் ஓரிரு மாதத்தில் வந்துவிடும். உடம்பும் மனசும் கெடாமல் இந்த வேலையில் எப்படி நீடிப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நாள் பிடிக்கிறது. அது பயிற்சித் தாளில் இல்லை. 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தபோது எங்கள் வாழ்க்கையை வெளியே இருப்பவர்கள் பார்த்தார்கள், பேசினார்கள். அந்தப் பேச்சு அடங்கிய பிறகும் நாங்கள் கவுண்டருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தோம். அங்கே நின்றபடியே கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

நிற்பதைவிட நடப்பது எளிது. இதை நம்ப மறுப்பவர்கள் ஒரு மணி நேரம் கவுண்டரில் அசையாமல் நின்று பார்க்கட்டும். எங்கள் பிரிவில் முதலில் காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட அக்காவுடன் மருத்துவமனைக்குத் துணைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த டாக்டர் ஒரு தாளில் காலை வரைந்து காட்டினார். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் பக்கத்துச் சிரையில் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கிறது. நடக்கத் தொடங்கினால் அது 30க்கும் கீழே இறங்குகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கும் ஒவ்வொரு தடவையும் இரத்தத்தை மேலே தள்ளிவிடுவதுதான் காரணம். தசை சும்மா இருந்தால் இரத்தம் கீழேயே தங்கும். வருடக்கணக்கில் தங்கினால் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தளர்ந்துபோகும். அதன் பிறகு வீக்கம், கருத்த தோல், சிலருக்கு ஆறாத புண்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகு நான் சும்மா நிற்பதை விட்டேன். கவுண்டருக்குப் பின்னால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன். வாடிக்கையாளர் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்க்கும் நேரத்தில் பத்து தடவை தூக்கி இறக்கிவிடலாம். எதிரே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. பிறகு, புடவை வரும் அட்டைப் பெட்டியில் கெட்டியானது ஒன்றைக் கால்மாட்டில் வைத்து, ஒரு காலை அதன்மேல் ஏற்றி, சிறிது நேரம் கழித்துக் கால் மாற்றிக்கொள்வது. இடுப்பு வலி பாதி குறைவது இதில்தான். பட்டுப் பிரிவில் செருப்பில்லாமல் கிரானைட் தரையில் நிற்க வேண்டியிருந்தால், மடித்த சாக்கை வைத்துக்கொள்ளச் சொல்வேன். இரவில் அறைக்குப் போனதும் சுவரோரம் படுத்து, கால்களைச் சுவரில் சாய்த்துத் தூக்கி வைத்துக்கொண்டு கால் மணி நேரம். விடுதி அறையில் நான்கு பேரும் வரிசையாகச் சுவரில் கால் வைத்துப் படுத்துக் கதை பேசிய இரவுகள் என் வாழ்க்கையின் நல்ல இரவுகள்.

உப்புப் போட்ட வெந்நீரில் கால் வைப்பதைப் பற்றியும் கேட்பார்கள். இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால் நரம்பு சுருட்டியவர்களுக்குச் சூடான நீர் சிரையை மேலும் விரிக்கும். அவர்களுக்குப் பச்சைத் தண்ணீர்தான். சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தை நம்பாமல் முழங்கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும், பாதத்துக்குச் சூடு தெரியாமல் போயிருக்கக்கூடும்.

இதெல்லாம் நிற்பவளின் தந்திரங்கள். உட்கார முடிந்தால் இதில் பாதி தேவைப்படாது.

என் அம்மாவின் காலத்து ஜவுளிக்கடையில் மெத்தை விரித்து, மேலே வெள்ளைத் துணி போட்டிருப்பார்கள். வாங்க வந்தவரும் உட்காருவார், விற்பவரும் உட்காருவார். புடவை இருவருக்கும் நடுவில் விரியும். மாடி மாடியாகக் கடைகள் எழும்பிய பிறகு கவுண்டர் வந்தது. வாடிக்கையாளருக்கு நாற்காலி போட்டார்கள், எங்களை நிற்க வைத்தார்கள். உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பெண் சோம்பேறியாகத் தெரிவாள் என்று ஒரு நினைப்பு. மரியாதை என்று அதற்குப் பெயர். நான் இத்தனை வருடத்தில் பார்த்த வாடிக்கையாளர்களில், நான் உட்கார்ந்து காட்டியதால் புடவை வாங்காமல் எழுந்து போனவர் எவரும் இல்லை.

இந்த நாற்காலிக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1899இலேயே, கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கை என்ற கணக்கில் போட்டாக வேண்டும் என்று சட்டம் வந்தது. அங்கேயும் அன்றைக்குக் கடைப் பெண்கள் முதலாளி கொடுக்கும் விடுதியில்தான் தங்கினார்கள். பதினான்கு வயதில் துணிக்கடை வேலைக்குப் போய், அந்த விடுதி வாழ்க்கையை வெளியே எழுதிக் காட்டிய மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் என்ற பெண்மணி, 1929இல் அந்த நாட்டின் தொழிலாளர் அமைச்சரானார். பிரிட்டனின் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். நமக்குப் பக்கத்திலேயே கோழிக்கோட்டில், மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி, முதலில் கழிப்பறைக்காகப் போராடினார், பிறகு உட்காருவதற்காக. கேரள அரசு 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1947ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரலாம் என்பது அதன் சாரம்.

சட்டம் வந்த செய்தியைச் செல்போனில் பார்த்தபோது எங்கள் தளத்தில் ஒருத்தி அழுதுவிட்டாள். நான் அதை மிகையாக நினைக்கவில்லை.

ஸ்டூல் வந்தது. வந்த பிறகும் முதலில் யாரும் உட்காரவில்லை. சூப்பர்வைசர் பார்ப்பாரோ என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பக்கத்துக் கவுண்டர்க்காரி நிற்கும்போது நான் மட்டும் எப்படி உட்காருவது என்ற கூச்சம். இந்தக் கூச்சம் பயத்தைவிடப் பெரியது. நான் ஜோடி முறை வைத்தது அப்போதுதான். கவுண்டருக்கு இரண்டு பேர். கூட்டம் இல்லாத நேரத்தில் ஒருத்தி உட்கார்ந்தால் மற்றவள் வாசலைப் பார்ப்பாள், பிறகு மாறிக்கொள்வார்கள். "நீ உட்காரு" என்று சொல்ல ஒருத்தி இருக்க வேண்டும். தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்காருகிற துணிச்சல் பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு வராது. இன்றைக்கு எங்கள் தளத்தில் தண்ணீர் குடிப்பது, கழிப்பறைக்குப் போவது, ஐந்து நிமிடம் வெளியே நிற்பது எல்லாம் இந்த ஜோடிக் கணக்கில்தான் நடக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்வதைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதை வாசிக்கிறேன். அவற்றில் எப்போதும் ஒரு பெண் தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் வேலையில் ஒருத்தியின் ஓய்வு இன்னொருத்தியின் கையில் இருக்கிறது.

தண்ணீர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. கடைப் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கழிப்பறை மேல் மாடியில் இருக்கும், லிஃப்ட் வாடிக்கையாளருக்கு, போய் வரப் பத்து நிமிடம், அதற்குள் கஸ்டமர் வந்துவிட்டால் விற்பனை அடுத்தவள் கணக்கில் போகும். அதனால் காலையில் ஒரு டம்ளர், மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர். குளிர்சாதனக் காற்றில் தாகமும் தெரிவதில்லை. விளைவு சிறுநீர்க் கடுப்பு, காய்ச்சல், இடுப்பு வலி. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு என்பதால் கிருமி எளிதில் ஏறிவிடும். அடக்கி வைப்பதும் தண்ணீரைக் குறைப்பதும் சேர்ந்தால் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை படுக்க வேண்டிவரும். மாதவிடாய் நாட்களில் அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் பட்ட அவதியை நான் இங்கே விரிக்கவில்லை; எந்தக் கடைப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

எங்கள் பழக்கம் இது: கவுண்டருக்குக் கீழே ஒரு லிட்டர் பாட்டில். மத்தியானத்துக்குள் காலியாக வேண்டும், இரவுக்குள் இன்னொன்று. பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறாள் ஒருத்தி. ஜோடிப் பெண் விற்ற விற்பனையைப் போனவள் கணக்கிலும் பாதி எழுத வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. அந்தப் பேச்சு வந்த பிறகுதான் பாட்டில் காலியானது.

சோர்வு என்று வந்து நிற்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மருந்து சொல்லிவிட முடியாது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, நல்ல துறுதுறுப்பு, ஆறு மாதத்தில் மங்கிப்போனாள். "எனக்கு இந்த வேலை ஒத்து வரலைக்கா, ஊருக்கே போயிடறேன்" என்றாள். யாருடனும் பேசவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கியது. மனசு விட்டுப்போச்சு என்று அவளே முடிவு செய்திருந்தாள். கூட இருந்தவள் ஒரு தகவல் சொன்னாள்: அவள் பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கிறாள். நான் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்தோம். பெண்ணுக்கு 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8க்கும் கீழே. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நான்காவது மாதம் அவள் குரல் மூன்று கவுண்டர் தாண்டிக் கேட்டது.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல். ஆகவே வேலை வெறுத்துப்போச்சு என்று ஒரு பெண் சொன்னால் நான் முதலில் இரத்தம் பார்க்கச் சொல்கிறேன், தைராய்டும் பார்க்கச் சொல்கிறேன். பிறகு சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்தச் சொல்கிறேன். டீயில் உள்ள துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் தொந்தரவு இல்லை. முருங்கைக்கீரையோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். விடுதிச் சமையல்காரம்மாவிடம் சொல்லி வாரம் இரண்டு நாள் கீரை போட வைத்தோம்.

மற்றது வேலைக்குள்ளேயே இருக்கிற ஓய்வு. இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் இந்தத் தொழிலில் நெடுநாள் இருப்பாள்.

கடை விளக்கில் எல்லா நிறமும் கொஞ்சம் பொய் சொல்லும். விவரம் தெரிந்த அம்மாக்கள் "வெளிச்சத்துல பார்க்கணும்" என்பார்கள். அரக்கு என்று நினைத்தது வெளியே மாந்தளிராக இருக்கும். மயில் கழுத்து நிறம் வெயிலில்தான் பச்சையையும் நீலத்தையும் பிரித்துக் காட்டும். வாசல் வரை போய்க் காட்ட வேண்டும் என்றால் பல பெண்கள் அலுத்துக்கொள்வார்கள். நான் உடனே எழுந்து போவேன். வெளியே போனால் உஸ்மான் சாலையின் மறுகோடி வரை கண் போகும். நாள் முழுவதும் ஒரு முழத் தூரத்தில் ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அது பெரிய ஆறுதல். வெயில் படும், காற்று படும். கடைக்குள் காலை முதல் இரவு வரை ஓடும் விளம்பரப் பாட்டு இரண்டு நிமிடம் காதில் விழாது. வாடிக்கையாளருக்கும் திருப்தி. புதுப் பெண்களிடம் சொல்கிறேன்: அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே கேளுங்கள், "வெளிச்சத்துல காட்டட்டுமாம்மா?"

மடிப்பதும் அப்படித்தான். ஒரு புடவை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணியோடு ஆறு மீட்டருக்கு மேல். காஞ்சிபுரம் பட்டு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கனக்கும். கல்யாணக் கும்பல் ஒன்று வந்து போனால் மேசையில் மலையாகக் குவிந்திருக்கும். பரபரவென்று இழுத்து மடித்தால் மணிக்கட்டும் கழுத்தும் போய்விடும். என்னைப் பழக்கிய அக்கா இரண்டு விஷயம் சொன்னார். விரிக்கும்போது கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோகாதே. முந்தானையை மேசையில் வைத்து உருட்டி விரி. மடிக்கும்போது மூச்சைப் பிடிக்காதே. இரண்டாவது எனக்குப் புரிய நெடுநாள் ஆனது. கவனித்துப் பார்த்தால், அவசரத்தில் நாம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறோம். ஒரு மடிப்புக்கு மூச்சை விடு, அடுத்த மடிப்புக்கு இழு. பார்டரோடு பார்டர் சேர்த்து, விரலால் நீவி, பாதியாக, மறுபடி பாதியாக. இருபது புடவை இப்படி மடித்து எழுந்தால், அந்தக் கும்பலில் யாரோ சொன்ன கடுஞ்சொல் எங்கேயோ கரைந்துபோயிருக்கும். தியான வகுப்புக்குப் பணம் கட்டுகிறவர்களிடம் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் எனக்கு அது இந்த மேசையிலேயே கிடைத்தது. மடிக்கிற நேரத்தில் யாரையும் கூப்பிடக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பிரிவின் எழுதாத சட்டம்.

கடுஞ்சொல் என்றேன். விற்பனைப் பெண்ணின் களைப்பில் பெரும்பங்கு அதுதான். ஐம்பது புடவையை விரித்துக் காட்டியும் வாங்காமல் போகலாம், அது அவர்கள் உரிமை. போகும்போது "ஒண்ணும் நல்லா இல்ல, இதுங்களுக்குக் காட்டவும் தெரியல" என்று சொல்லிப் போவார்கள் சிலர். அந்த 'இதுங்க' இரவு வரை கூடவே வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறையில் இருக்கும் பதினோராம் பதிப்பு, வேலையால் ஆள் எரிந்துபோவதைத் தனியாகக் குறிப்பிடுகிறது. நோயாக அல்ல, சரியாகக் கையாளப்படாத நெடுநாள் பணி அழுத்தத்தின் விளைவாக. மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகி வெறுப்பாவது, செய்கிற வேலை தேறாமல் போவது. இந்த மூன்றையும் நான் கவுண்டரில் நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன். முதல் அடையாளத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். நான் பயப்படுவது இரண்டாவதற்கு. வாசலில் ஓர் அம்மா நுழையும்போதே "இது வாங்குற கேஸ் இல்ல" என்று ஒருத்தி முணுமுணுத்தால், அவளுக்கு ஓய்வு தேவை என்று அர்த்தம். பழைய நூல் சேலை கட்டி, கையில் மஞ்சப்பை வைத்திருக்கும் பாட்டி பேத்தி கல்யாணத்துக்கு ரொக்கம் கொண்டுவந்திருப்பார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் முணுமுணுக்கிறாள் என்றால் கெட்டவள் ஆகிவிட்டாள் என்று அர்த்தமில்லை, வற்றிவிட்டாள். அன்றைக்கு அவளை கவுண்டரிலிருந்து எடுத்து ஸ்டாக் ரூமில் விலைச்சீட்டு ஒட்டும் வேலைக்குப் போடுவேன். முகம் காட்ட வேண்டாத வேலை. இரண்டு நாள் அங்கே இருந்தாலே திரும்பி வரும்போது வேறு ஆளாக வருவாள்.

எனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்கு நடுவே உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வது. சின்னத் துண்டு ஒன்று இடுப்பில் இருக்கும். வேர்வையை முன்னிட்டுத்தான் தொடங்கியது, பட்டில் கறை படக் கூடாதே என்று. இப்போது போனவரின் பேச்சு போனவரோடு முடிந்தது என்பதற்கு அந்தத் துடைப்புத்தான் கணக்கு.

சீசனைப் பற்றி ஒன்று. ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, வியாபாரம் படுக்கும் என்பதால் தள்ளுபடி தொடங்கியது. இன்று தள்ளுபடிக் கூட்டத்தால் ஆடியே எங்களுக்கு மூச்சு முட்டும் மாதம். ஆவணியில் முகூர்த்தம், பிறகு தீபாவளி, அப்புறம் பொங்கல், தை முகூர்த்தம். தீபாவளிக் கூட்டத்தில் யாரும் விழுவதில்லை. கூட்டம் நம்மைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். விழுவது தீபாவளி முடிந்த அடுத்த வாரம். காய்ச்சல், காரணமில்லாத அழுகை, வேலையை விட்டுவிடும் முடிவு எல்லாம் அந்த வாரத்தில்தான் வரும். அதனால் அந்த ஒரு வாரம் பெரிய முடிவு எதையும் எடுக்க விடுவதில்லை. "தூங்கு, வெந்நீர்ல குளி, ஊருக்குப் போயிட்டு வா. வந்தப்புறம் ராஜினாமா எழுதலாம், நானே பேனா தர்றேன்" என்பேன். எழுதியவர்களும் உண்டு. அவர்கள் தெளிவாக யோசித்து எழுதினார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை.

அந்தச் சீசனிலும் சட்டம் மாறுவதில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48, நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் ஒரு மணி நேர இடைவேளை, வாரம் ஒரு நாள் விடுமுறை. 1947இலேயே எழுதி வைத்தது. கூடுதல் நேரத்துக்கும் உச்சவரம்பு உண்டு. பதினொரு, பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் கொடுக்கும் இடத்தில் இருக்கிற பெண்ணிடம் நான் குதிகாலைத் தூக்கச் சொல்வது பெரிய உதவி இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு முதலில் வேண்டியது அந்த ஒரு மணி நேரம். பழக்கங்கள் அதற்குப் பிறகுதான் வேலை செய்யும்.

இரவுப் பழக்கம் என்று பெரிதாக இல்லை. ஆறு மணிக்கு மேல் டீயும் காபியும் வேண்டாம். குடித்த காபியில் உள்ள காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் இருக்கும், பதினொன்றுக்குப் படுக்கிறவளை அது தூங்க விடாது. குரலுக்கு இளஞ்சூட்டு நீர், கனைக்காமல் இருப்பது. கிசுகிசுப்பதும் தொண்டைக்கு ஆகாது, ஒன்றும் பேசாமல் இருப்பதே நல்லது. நான் மாம்பலம் ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது யாரிடமும் பேசுவதில்லை. 2023இல் ஆகாய நடைபாலம் வந்த பிறகு அந்த நடை எனக்குப் பிடித்தமானதாகிவிட்டது. கீழே கூட்டம், மேலே நான், கையை வீசி நடக்க இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை வாய்த்தால் நல்லெண்ணெய்க் குளியல். உள்ளங்காலில் எண்ணெய் தடவி ஒருத்தருக்கொருத்தர் நீவிவிடுவது விடுதியில் இன்றும் இருக்கிறது.

செல்போன்தான் கஷ்டம். படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே இரவு ஒரு மணி ஆகிவிடுகிறது பிள்ளைகளுக்கு. நான் திட்டுவதில்லை. நாள் முழுக்க மற்றவர் கேட்டதை எடுத்துப் போட்டவளுக்கு, தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் பார்க்கும் நேரம் அது மட்டும்தான். அந்த ஏக்கம் நியாயமானது. அதைப் பறிக்காமல் இடம் மாற்ற முயற்சி செய்கிறேன். விடுமுறை நாளில் துணி துவைப்பதை மத்தியானத்தோடு முடி, மீதி நேரம் உன் இஷ்டம் என்கிறேன். ஒருத்தி நடேசன் பூங்காவில் போய் உட்கார்ந்து வருகிறாள். ஒருத்தி மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வரை போய், இறங்காமல் அதே வண்டியில் திரும்பி வருகிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பது அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது. அப்படிப் போய் வந்த நாளில் அவள் சீக்கிரம் தூங்குகிறாள் என்று அறைத்தோழி சொன்னாள்.

எங்கள் தளத்தில் எல்லா கவுண்டருக்கும் ஸ்டூல் வந்துவிட்டது. வாசலில் பை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் காவலாளி அண்ணாச்சிக்கு இன்னும் இல்லை. அறுபது வயதைத் தாண்டியவர். ஆடிக்கு முன்னால் அவருக்கும் லிஃப்ட் பையனுக்கும் நாற்காலி வேண்டும் என்று பில்லிங் பெண்களும் நாங்களும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் போடலாம், இடைவேளையில் போய் உட்கார்ந்துகொள்ளட்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சிக்கு அது வேண்டாம். டோக்கன் மேசைக்குப் பக்கத்திலேயே, வேலை பார்க்கிற இடத்திலேயே வேண்டும் என்கிறார். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. திங்கட்கிழமை மறுபடி போய்ப் பேசப்போகிறோம்.